மானுக்கு ஓர் ஆலோசகர்... மீனுக்கு யார்?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எண்ணூரில் அந்த வீட்டு போன் அடித்தால், அது டெக்சாஸிலிருந்து மகன்தான். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு. அம்மா அடுப்படியில் நண்டு உடைத்துக்கொண்டே பேசுவார். அப்பா வாசலில் உட்கார்ந்து வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டே கேட்பார். மகன் இங்கே பாலிடெக்னிக் படித்தவர். வளைகுடாவில் சில வருடங்கள் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு, இப்போது ஹூஸ்டன் பக்கம் வேலை பார்க்கிறார். அப்பாவுக்கு 62 வயது. 14 வயதிலிருந்து ஆற்றில்தான் தொழில்.

அன்று மகனின் முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"இன்னாடா, எங்க சுத்திட்டு வந்த?"

"மான் காட்டுக்குப் போயிருந்தேன் நைனா. கூட வேலை செய்யறவர் ஒருத்தர் 200 ஏக்கர் வெச்சிருக்கார், வேட்டைக்குன்னே. அந்த நிலத்தைச் சரிபண்ண ஒரு கன்சல்டன்ட் வந்தார். இன்னாதான் பண்றார்னு பாக்க நானும் போனேன்."

அப்பாவின் கையிலிருந்த வலை ஊசி நின்றது. "மான் வேட்டைக்கு யோசனை சொல்ல ஆளா? அதுக்குத் துட்டு வேறயா?"

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தார். "மானு எங்க நிக்கும்னு சொல்றதுக்குத் துட்டுன்னா, மீனு எங்க நிக்கும்னு சொல்றதுக்கு உங்க நைனாவுக்கு எவ்ளோ குடுக்கணும்?"

நிலம் சொந்தம்... மான் சொந்தமில்லை!

நமக்கு இது விநோதமாகத்தான் தெரியும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, இந்தியாவில் மான் வேட்டை என்றால் நினைவுக்கு வருவது கைதும் கோர்ட்டும்தான். ஆனால், சென்னையிலேயே ஒரு வேட்டைக்காடு இருந்தது. இன்று குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் புள்ளிமான் காட்டுகிறோமே, அந்தக் கிண்டிதான் அது. கில்பர்ட் ராட்ரிக்ஸ் என்ற ஆங்கிலேயரிடம் இருந்த அந்த இடத்தை, 1821-ல் 35,000 ரூபாய்க்கு அரசு வாங்கியது. 1978-ல் அது தேசியப் பூங்கா ஆனது.

டெக்சாஸ் கதை வேறு. அந்த மாநிலத்தில் 90 சதவிகிதத்துக்கும் மேலான நிலம் தனியார் கையில் இருக்கிறது. நிலம் சொந்தம் என்றாலும், அதில் திரியும் மான் நிலத்துக்காரருக்குச் சொந்தமில்லை. காட்டு விலங்குகள் மக்கள் எல்லோருக்கும் பொது என்பதுதான் அங்கே சட்டம். எந்த மாதத்தில் சுடலாம், ஒருவர் எத்தனை மான் எடுக்கலாம் என்பதையெல்லாம் அரசு முடிவு செய்கிறது. நிலத்துக்காரரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். தன் நிலத்தை மானுக்குப் பிடித்த இடமாக வைத்துக்கொள்வது. அதற்காகத்தான் ஆலோசகரைக் கூப்பிடுகிறார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு பாடமும் இருக்கிறது. கட்டுப்பாடில்லாத வேட்டையால் 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் வெள்ளைவால் மான்கள் சில லட்சங்கள்தான் மிஞ்சியிருந்தன. பிறகு சட்டங்கள் வந்தன. வேட்டை விலங்குகள் வாழும் நிலத்தை எப்படிப் பராமரிப்பது என்று ஆல்டோ லியோபோல்ட் 1933-ல் ஒரு புத்தகமே எழுதினார். அது தனிப் படிப்பாகவே வளர்ந்தது. இன்று அங்கே சுமார் 3 கோடி மான்கள் இருக்கின்றன. சில இடங்களில் மான் அதிகமாகிவிட்டது என்பதே இப்போதைய பிரச்னை.

நாள் முழுக்க நடந்த மனிதர்

"வந்த ஆளு இன்னாதான் சொன்னாரு?" என்றார் அப்பா.

"வந்ததும் எதுவும் சொல்லலை நைனா. 'உங்களுக்கு என்ன வேணும்?'னு கேட்டார். நிறைய மான் வேணுமா, பெரிய கொம்பு வெச்ச மான் வேணுமா, இல்லை பசங்களோட வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போனா போதுமான்னு. அதுக்கப்புறம் மேலயிருந்து எடுத்த படத்தைக் கையில வெச்சுக்கிட்டு நாள் முழுக்க நடந்தார்."

அந்த மனிதர் முதலில் பார்த்தது மானை அல்ல, செடியை. தரையிலிருந்து நான்கைந்து அடி உயரம் வரை மரத்தில் இலையே இல்லாமல், அதற்கு மேலே மட்டும் கோடு போட்டதுபோலப் பச்சை இருந்தால், அங்கே தீனிக்கு மிஞ்சிய மான்கள் இருக்கின்றன என்று அர்த்தம். வாய்க்கு எட்டியதையெல்லாம் அவை தின்று தீர்த்துவிட்டன. அப்படிப்பட்ட இடத்தில் மூட்டை மூட்டையாகச் சோளம் கொட்டிப் பயனில்லை. அடர்ந்து கிடக்கும் ஜூனிப்பர் மரங்களைப் பட்டை பட்டையாகக் கழித்து வெயில் தரையில் விழும்படி செய்தால், மான் விரும்பித் தின்னும் செடிகள் தானாகவே முளைக்கும். மொத்தத்தையும் வெட்டிவிடவும் கூடாது. மானுக்கு மறைவிடம் வேண்டும்.

அடுத்தது கணக்கு. தானியங்கி கேமராக்களை இரண்டு வாரம் வைத்து, கிடா எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை என்று எண்ண வேண்டும். சுட்ட மானின் எடையையும், பல் தேய்மானத்தை வைத்து அதன் வயதையும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எண்ணிக்கை மிஞ்சியிருந்தால் பெட்டையையும் எடுத்தாக வேண்டும். இளம் கிடாவை விட்டுவிட வேண்டும்.

"குஞ்சை வுட்டுடணும். அதானே?" என்றார் அப்பா. "கண்ணி பெருசா இருக்கற வலையத்தான் போடணும்னு உங்க தாத்தா அடிச்சுச் சொல்லிக் குடுத்தாரு."

"இன்னொண்ணும் சொன்னார் நைனா. காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குதுன்னு பாக்காம வேட்டைக்காரன் உள்ள நுழையக் கூடாதாம். வாசனை போயிட்டா மான் நிக்காது. அப்புறம், படத்துல ஒரு இடத்தைச் சிவப்புல வட்டம் போட்டார். மான் படுக்கற எடம். அதுக்குள்ள யாரும், எப்பவும் போகக் கூடாதுன்னுட்டார்."

அப்பா தலையாட்டினார். "அந்த ஆளுக்குத் தொழில் தெரியும்டா."

வாங்குகிற காசு யாருடையது?

அந்த நண்பர் இதற்கு முன்பு ஒருவரிடம் ஏமாந்திருந்தார். அவர் நிலத்துப் பக்கமே வராமல் போனிலேயே யோசனை சொன்னவர். இந்த விதையைப் போடுங்கள், இந்தத் தீனியை வையுங்கள் என்று பட்டியல் கொடுத்தார். விதையையும் தீனியையும் விற்பதும் அவரேதான். இரண்டு வருடம் பணம் போன பிறகுதான் நண்பருக்கு விஷயம் புரிந்திருக்கிறது.

அதனால் இந்த முறை விசாரித்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். வனவிலங்கு உயிரியல் படித்தவரா, அமெரிக்காவின் வனவிலங்குச் சங்கம் தரும் சான்றிதழ் இருக்கிறதா, பொருள் எதையாவது விற்கிறாரா, ஏற்கெனவே யோசனை சொன்ன நிலங்களைக் காட்டுவாரா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். மாநில அரசின் வனவிலங்குத் துறையிலேயே உயிரியலாளர்கள் இருக்கிறார்கள், கேட்டால் இலவசமாக வந்து நிலத்தைப் பார்த்து யோசனை சொல்வார்கள் என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்ததாம்.

இதைக் கேட்டதும் அப்பா வலையைக் கீழே வைத்தார். "அப்போ ஆளு நல்லவனா, படிச்சவனான்றது மட்டும் இல்லடா. துட்டு யாருகிட்ட வாங்கறான்றதும் இருக்குது."

மகன் பதில் சொல்லவில்லை. அப்பா எதைச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கும் நிறைய ஆலோசகர்கள் வந்து போயிருக்கிறார்கள். 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. 1990-களில் வட சென்னை அனல்மின் நிலையம். 2001-ல் துறைமுகம். பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்ற விதியும் வந்தது. 2006-ம் ஆண்டு அறிவிக்கையின் கீழ் இன்று நடக்கும் முறைப்படி, அந்த மதிப்பீட்டைச் செய்யும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதும், அதற்குச் சம்பளம் கொடுப்பதும் திட்டத்தைக் கொண்டுவருபவர்தான்.

வருகிறவர்கள் படித்தவர்கள்தான். தண்ணீரை எடுத்துச் சோதிக்கிறார்கள், மண்ணை எடுத்துச் சோதிக்கிறார்கள். ஆனால், அவர்கள் கையில் இருக்கும் கேள்வி, 'இங்கே மீன் பெருக என்ன செய்யலாம்?' என்பது அல்ல. 'இங்கே இதைக் கட்டினால் என்ன ஆகும், பாதிப்பை எப்படிக் குறைக்கலாம்?' என்பதுதான். இரண்டும் ஒரே ஆற்றைப் பற்றிய கேள்விகள்தான். ஆனால் பதில்கள் ஒன்றாக இருக்காது.

அப்பாவுக்குத் தெரிந்த கணக்கு

அப்பாவிடம் நோட்டு இல்லை. கணக்கு இருக்கிறது. முன்பு ஆள் முங்கும் ஆழம் எங்கே இருந்தது, இப்போது முட்டிவரை சாம்பல் சேறு எங்கே இருக்கிறது என்று படகில் போய்க்கொண்டே சொல்வார். மின் நிலையச் சாம்பல் இந்தக் கழிமுகத்தைக் கெடுத்தது பற்றித் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் உத்தரவு போட்டது. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அவருடைய கால் அதைச் சொல்லிவிட்டது.

'காக்கா ஆழி' வந்ததும் அப்படித்தான். தென் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட அந்தச் சிப்பி, ஆற்றுத் தரையில் பாய் விரித்ததுபோல ஒட்டிக்கொண்டு பரவுகிறது. இறால் பதுங்கும் சேறே அதற்கடியில் போய்விடுகிறது. அதை முதலில் கண்டதும் காலில் கீறல் வாங்கிய மீனவர்கள்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்தபோது, எந்த மூலையில் அது தங்கும் என்று இந்தக் குப்பத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அலையாத்தி வேர்களுக்கு நடுவே தங்கும். நண்டுக்குஞ்சும் இறால்குஞ்சும் வளர்கிற இடமும் அதுவேதான்.

டெக்சாஸ்காரர் சிவப்பில் வட்டம் போட்டாரே, எண்ணூர் ஆற்றுக்கு அந்த வட்டத்தைப் போடச் சொன்னால் அப்பா ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவார். 48 வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

"போன வாரம் காலேஜ் பொண்ணுங்க ரெண்டு பேரு போன் பண்ணாங்கன்னு சொன்னியே நைனா, ஆத்தைப் பத்தி எழுதணும்னு. இன்னா சொன்ன?"

"வேணாம்னுட்டேன். எத்தனை பேருக்குத்தான் சொல்றது? எழுதிக்கினு போறாங்க. அதோட சரி."

மகன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார், "அவங்களுக்கு யாரும் துட்டு குடுக்கலை நைனா. அவங்களாத்தான் வராங்க. வரச் சொல்லேன்."

அடுத்த சனிக்கிழமை அந்த இரண்டு பெண்களும் நோட்டும் பேனாவுமாக வந்தார்கள். அம்மா மோர் கொடுத்தார். ஒரு பெண் நோட்டைப் பிரித்து, "தாத்தா, முதல் கேள்வி..." என்று ஆரம்பித்தாள்.

"இரும்மா. மொதல்ல நான் கேக்கறேன். உங்களுக்கு இன்னா வேணும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி சொன்னாள். "ஆறு மறுபடி நல்லாகணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு தெரியணும் தாத்தா."

அப்பா எழுந்து துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். "அத உக்காந்துகினு சொல்ல முடியாது. வாங்க, படகுல ஏறுங்க."

அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஃபீஸ் எவ்ளோன்னு பேசிட்டு ஏத்துய்யா!"