நான் பேசினது கேட்டுச்சாம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக லேபில் ஒரு வாய்ப் கேட்வேயை செட் பண்ணிட்டு இருந்தேன். சிப் சர்வர் முகவரி போட்டாச்சு, போர்ட் 5060, ரெஜிஸ்டரும் ஆயிடுச்சு. முதல் டெஸ்ட் கால் யாருக்கு? அம்மாவுக்குத்தான்.

ரிங் போச்சு, எடுத்தாங்க. "அம்மா, கேக்குதா?" பதிலே இல்லை. மூணு தடவை கத்திட்டு வெச்சுட்டேன்.

லாகைத் திறந்து பார்த்தா எல்லாம் சரி: இன்வைட், 180 ரிங்கிங், 200 ஓகே. உங்களுக்கும் இது நடக்கலாம், அதனால சொல்றேன். சிப் அழைப்பை ஏற்பாடு மட்டும்தான் செய்யும். குரல் ஆர்டிபி வழியா தனியா வரும். அது எந்த முகவரிக்கு வரணும்னு எஸ்டிபியில் நாமதான் சொல்லணும். என் கேட்வே 192.168-ல் தொடங்குற லேபோட உள் முகவரியைச் சொல்லியிருந்தது. வெளியிலிருந்து குரல் அங்கே எப்படி வந்து சேரும்? நேட் செட்டிங்கில் பப்ளிக் ஐபியைக் கொடுத்து, ரௌட்டரில் ஆர்டிபி போர்ட்டுகளையும் திறந்துவிட்டேன்.

மறுபடி கூப்பிட்டேன். "நீ பேசினது அப்பவே நல்லா கேட்டுச்சுடா. நான் பேசினதுதான் உனக்குக் கேக்கல."

நாலு வருஷமா ஹாஸ்டலிலிருந்து ஃபீஸ், பணம்னு என் விஷயத்தை மட்டும் சொல்லிட்டு கட் பண்ணின கால்கள் ஞாபகம் வந்துச்சு. "சொல்லும்மா" என்றேன்.

முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்த்து ரெண்டு மாசம் ஆகுதாம்.