எண்ணெய் ஏறிய கல்

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு சிற்றிதழ் ஒன்றில் நடுகல் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் ஏரிக்கரையில் நிற்கும் கல் அது. வில்லேந்திய வீரன், எழுத்துகள் தேய்ந்து படிக்க இயலாத நிலை. ஊரார் வேடியப்பன் என்று வழிபடுகிறார்கள். சுற்றிலும் உள்ள பாறைகள் வெளிர்சாம்பல் நிறத்தவை. இக்கல்லோ மைபோல் கறுத்து, தொட்டால் வழுவழுப்பாக இருந்தது. ஆகவே இது வேற்றிடத்திலிருந்து கொணரப்பட்ட கருங்கல் என்று எழுதினேன். எழுதியதோடு நிற்கவில்லை. கண்ணகிக்குச் சிலை எடுக்க இமயம்வரை சென்ற செங்குட்டுவனை உடன் அழைத்துக்கொண்டேன். பெயர் தெரியாத ஒரு சிற்றூர் மறவனுக்கும் தொலைவிலிருந்து கல் வந்திருக்கிறது என்று முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. கட்டுரையைப் பலர் பாராட்டினார்கள்.

சென்ற ஆண்டு மாணவர்களுடன் அதே ஊருக்குச் சென்றபோது நிலவியல் துறை நண்பர் ஒருவரும் உடன் வந்தார். கல்லின் முன்னால் நின்று என் பழைய கருத்தை மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் எதுவும் பேசாமல் கல்லின் பின்புறம் போய்க் குந்தி உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரம் கழித்து, "ஐயா, இது நைஸ்" என்றார். கல்வெட்டைப் பாராட்டுகிறார் என்று எண்ணி, "ஆமாம், நல்ல வேலைப்பாடு" என்றேன். (அது ஒரு பாறையின் பெயர் என்பதும், தடவிப் பார்த்தால் அதில் நைசு எதுவும் இல்லை என்பதும் பிறகுதான் விளங்கின.)

பின்பக்கத்துக்கு யாரும் எண்ணெய்க்காப்புச் செய்வதில்லை. அடிப்புறத்தில் டிராக்டரோ எதுவோ இடித்துச் சில்லு பெயர்ந்திருந்தது. அந்தப் புதிய காயத்தில் கல்லின் உண்மையான நிறம் தெரிந்தது. வெள்ளையும் கறுப்புமாக வரிவரியாக, பாய் முடைந்ததுபோல். நண்பர் தம் உருப்பெருக்கியைக் கொடுத்து, அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு தலையோடு கல்லை நெருங்கச் சொன்னார். கண்ணாடி உடைந்ததுபோல் ஒழுங்கற்றுத் தெரிந்த மணிகள் குவார்ட்ஸ். கத்தியால் கீறினாலும் கீறல் விழாதாம். தலையைச் சற்றே அசைத்தால் தட்டையான முகங்கள் பளிச்சென்று மின்னி மறைந்தன, அவை ஃபெல்ட்ஸ்பார். கறுப்பு வரியில் நகத்தை வைத்து நெம்பினால் செதில் ஒன்று கழன்று விரலில் ஒட்டிக்கொண்டது. அது அபிரகம், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காக்காப்பொன். கிரானைட்டிலும் இவையே உண்டு. அங்கே கலந்து சிதறிக் கிடக்கும், இங்கே வரிசை கட்டி நிற்கும்.

நான் மனத்தில் வைத்திருந்த கறுப்புக்கல் டோலரைட் என்ற வகை. அதில் மணிகளைத் தனித்தனியே பிரித்தறிவது கண்ணுக்குக் கடினம். உடைத்தாலும் உள்ளே அதே கறுப்புதான். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். வணிகர்கள் அதையும் கறுப்பு கிரானைட் என்றே விற்கிறார்கள், நிலவியலார் அதைக் கிரானைட் என்று ஒப்புக்கொள்வதில்லை. இந்த இரண்டையும் தவிர, எண்ணெய் தடவாமலேயே எண்ணெய் தடவியது போன்ற மினுக்குடன், நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் இன்னொரு பாறையும் நம் பக்கத்தில் உண்டு. சார்னோக்கைட் என்பார்கள். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறை மீது கிடந்த பலகையை ஆராய்ந்து 1893-இல் தாமஸ் ஹாலந்து சூட்டிய பெயர். அந்தப் பலகை போனது நம் பல்லாவரப் பக்கத்திலிருந்து. தொலைவிலிருந்து கல் வந்ததைப் பற்றி எழுத எனக்கு அவ்வளவு ஆசை இருந்திருந்தால் இதை எழுதியிருக்கலாம்.

இருபது தப்படி தள்ளி ஏரிக்கரைப் பாறையிலும் அதே வரிகள். நடுகல்லை அதே பாறையிலிருந்துதான் பிளந்தார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வேற்றிடத்துக் கல் என்று சொல்ல என்னிடம் இருந்த ஒரே சான்று அந்தக் கறுப்பு நிறம். பூசாரியிடம் கேட்டேன். "எண்ணெ ஊத்தாம உட்டா சாமி வெளுத்துப் போயிரும் சார்" என்றார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே மனிதர்தான் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தவர். அன்று அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை.

நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு நிலைகளைச் சொல்கிறது. முதல் நிலைக்குக் காட்சி என்று பெயர். தகுந்த கல்லைக் கண்டு தேர்வது. ஆண்டுதோறும் இதை நடத்துகிறேன். தேர்ந்தவன் எதைப் பார்த்திருப்பான், தட்டிப் பார்த்தானா, தடவிப் பார்த்தானா என்ற கேள்வி ஒருநாளும் எனக்கு எழுந்ததில்லை. மாணவர்களும் கேட்டதில்லை, தேர்வுக்கு ஆறு பெயர்கள் போதும்.

மாக்கல், சுக்கான்கல், வெங்கச்சங்கல் என்று கையால் தொட்டுப் பெயர் வைத்தவர்களின் மொழியில்தான் நான் முதுகலைப் பட்டம் பெற்றேன். நகத்தால் கீறினாலே தடம் விழும் மாக்கல்லில்தான் என் பாட்டி கல்சட்டி வைத்துக் குழம்பு கொதிக்கவிட்டாள். கட்டுரை எழுத உட்கார்ந்தால் எனக்கு எல்லாம் கருங்கல். இப்போது சட்டைப்பையில் ஓர் உருப்பெருக்கி இருக்கிறது. வீட்டு அம்மியின் முன் நான் மண்டியிட்டிருந்ததைப் பார்த்து என் மனைவி எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே வழக்கமாகிவிட்டது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. சென்ற மாதம் வேறொரு கல்லூரி ஆய்வு மாணவர் தம் ஆய்வேட்டின் வரைவை அனுப்பியிருந்தார். நான்காம் இயல் முழுவதும் என் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. தொலைவிலிருந்து கல் கொணர்தல் ஒரு மரபாகவே நிறுவப்பட்டுவிட்டது. அடிக்குறிப்பில் என் பெயர். திருத்தம் வெளியிடலாமென்றால் அந்தச் சிற்றிதழ் நின்று வெகுகாலமாகிறது. தொலைபேசியில் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "இயல் முடிஞ்சிருச்சே ஐயா" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன்.

வரும் ஞாயிறு காலை இருவரும் அந்த ஊருக்குப் போகிறோம். தண்ணீர் புட்டி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், கல்லின் முன்பக்கத்தைக் கடைசியில் பார்க்கலாம் என்றும்.