மைக் யார் கையில்?

ஊர்வலம், உண்ணாவிரதம்னு எதுக்காவது கிளம்பினா ஆபீஸ்ல முதல்ல வர்ற கேள்வி, "இதுக்குப் பின்னாடி யாருப்பா இருக்கா?" கோரிக்கை நியாயமா இல்லையான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கடுப்பா இருக்கும். ஆனாலும் அந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ள முடியலை. காரணம், அமெரிக்காவில் வியட்நாம் போரை எதிர்த்த எஸ்.டி.எஸ். என்ற மாணவர் அமைப்பின் கதை.

1965 ஏப்ரலில் இவர்கள் கூப்பிட்டு வாஷிங்டனில் 20,000 பேருக்கு மேல் அமைதியாக ஊர்வலம் போனார்கள். யார் வேணும்னாலும் சேரலாம், கதவு திறந்தே இருக்கும். அதுதான் அதன் அழகு. அதே கதவு வழியா 'முற்போக்குத் தொழிலாளர்' என்ற மாவோயிஸ்ட் கட்சிக்காரர்களும் வந்தார்கள், கட்டுப்பாட்டோடு, மொத்தமா ஒரே பக்கம் ஓட்டுப் போடும் ஆட்கள். அவர்களைச் சமாளிக்க எதிரணியும் தீவிரமாகிக்கொண்டே போனது.

1968-ல் உறுப்பினர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் என்பார்கள். 1969 ஜூனில் சிகாகோ மாநாட்டுக்கு வந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. அங்கேதான் அமைப்பு உடைந்தது. தலைமை அலுவலகம் 'வெதர்மேன்' என்ற சின்னக் குழுவின் கைக்குப் போனது. மீதிப் பேரைக் கேட்டது யார்?

ஓப்பன் சோர்ஸ்ல வேலை செய்யறவங்களுக்கு இது சட்டுனு புரியும். பயன்படுத்தறவங்க லட்சம் பேர், கமிட் பண்ற உரிமை பத்துப் பேர்கிட்ட!

அக்டோபரில் இந்தக் குழு சிகாகோவில் 'சீற்ற நாட்கள்' நடத்தியது. ஆயிரக்கணக்கில் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், வந்தது சில நூறு பேர். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கார் கண்ணாடி, கடைக் கண்ணாடி எல்லாம் உடைத்தார்கள். கருஞ்சிறுத்தைகள் தலைவர் பிரெட் ஹாம்ப்டனே இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அதே வாரத்திற்கு அடுத்த வாரம், அக்டோபர் 15-ந் தேதி, வேறு ஆட்கள் ஏற்பாடு செய்த 'மொரட்டோரியம்' நாளில் நாடு முழுக்க லட்சக்கணக்கானவர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு அமைதியாக வெளியே வந்தார்கள். பாஸ்டனில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர். போரை எதிர்த்த சாதாரண ஜனம் இவங்கதான். கண்ணாடி உடைச்சவங்களால கெட்ட பேர் இவங்களுக்கும் சேர்த்து.

1970 மார்ச் 6-ல் நியூயார்க் வீடு ஒன்றில் குண்டு தயாரிக்கும்போது அது வெடித்து வெதர்மேன் ஆட்கள் மூன்று பேர் செத்துப்போனார்கள். அதற்குள் எஸ்.டி.எஸ். கிட்டத்தட்ட முடிந்தே போயிருந்தது. போர் முடிந்தது 1975-ல்.

இன்னொரு பக்கமும் உண்டு. தீவிரவாதிகள் புகுந்துட்டாங்கன்னு சொல்றது எந்த அரசுக்கும் வசதியான சாக்கு. மாணவர் அமைப்புகளைச் சீர்குலைக்க எஃப்.பி.ஐ. அப்போது ரகசியத் திட்டமே வைத்திருந்தது. அதனால 'யார் புகுந்தது'ன்னு வெளியே இருந்து கேக்கறதை நான் நம்பறதில்லை. உள்ளே இருக்கறவங்க கேக்கணும். தீர்மானம் யார் எழுதறாங்க? மேடையில் யார் பேசறாங்க? வன்முறை வேண்டாம்னு வெளிப்படையா சொல்லத் தயாரா?

என்னை மாதிரி ஆட்கள் ஊர்வலத்துக்குப் போவோம், போட்டோ எடுப்போம், மறுநாள் ஆபீஸ் இருக்குன்னு கிளம்பிடுவோம். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் நடக்கிற ஆலோசனைக் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்காங்களோ, முடிவு அவங்களோடது. நம்ம தலையை எண்ணித்தான் அவங்க பலம் காட்டறாங்க.

அதுக்காகப் போகாம இருக்கறதா? மாட்டேன். அடுத்த தடவை அந்தக் கூட்டத்திலும் கடைசி வரை உட்காரப் போறேன். தூக்கம் போனாப் போகட்டும் :-)

நீங்க என்ன நினைக்கறீங்க, மக்களே?