பெரியப்பாவும் பித்தளைக் குழாயும்

"தங்கச்சி ரிசப்ஷனுக்கு சாக்ஸபோன் வெச்சுக்கலாமே!"

இப்படிச் சொன்னது ஒரு குற்றமா சார்? நசரத்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பெரியப்பா நாதஸ்வரக்காரர். ஒரு காலத்தில் முகூர்த்த நாளில் அவரைப் பிடிக்கவே முடியாது. 1994-ல் 'டூயட்' படம் வந்தாலும் வந்தது, ரிசப்ஷன் மேடையெல்லாம் சாக்ஸபோன்!

"அந்தப் பித்தளைக் குழாய் என் சோத்துல மண்ணைப் போட்டுச்சு. நீ அதையே வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றியா?"

நான் வெறும் பி.காம். இருந்தாலும் பெரியப்பாவைச் சமாதானப்படுத்த, குழாயின் ஜாதகத்தைத் தேடிப் பிடித்தேன். அது நேராக ஜாஸில் கொண்டுபோய் விட்டது.

நியூ ஆர்லியன்ஸில் சாவு ஊர்வலத்துக்கும் பேண்ட் வாசிப்பார்கள். அந்த ஊர்க் கறுப்பின மக்களிடம் பிறந்ததுதான் ஜாஸ். முதல் இசைத்தட்டு 1917-ல் வந்தது. 1930-களில் பெரிய பெரிய கோஷ்டிகளோடு 'ஸ்விங்'. ஊரே ஆடியது. 1940-களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் 'பெபாப்' என்று ஒரு வேகம் பிடித்தார்கள். ஆட முடியாது, உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். 1959-ல் மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் நிதானத்துக்கு வந்தார். ஒரே ஸ்வர வரிசையில் நின்று விஸ்தாரம், நம்ம ஆலாபனை மாதிரி! 1970-களில் 'ஷக்தி' குழுவில் நம்ம விக்கு விநாயகராமின் கடமே ஏறிவிட்டது.

ஒவ்வொரு தடவையும் பழைய ஆட்கள் திட்டினார்கள். ஜாஸின் பிதாமகர் லூயி ஆம்ஸ்ட்ராங் பெபாப்பைச் சும்மா விடவில்லை. ஆனால் 1959-ல் அதே கில்லெஸ்பியோடு டி.வி.யில் ஜோடியாக நின்று டிரம்பெட் ஊதினார்!

எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பெரியப்பா அசையவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"பெரியப்பா, 'டூயட்'ல வாசிச்ச கத்ரி கோபால்நாத்தோட அப்பா நாதஸ்வர வித்வான். அவரும் முதல்ல கத்துக்கிட்டது நாதஸ்வரம்தான். மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதுல கர்நாடக சங்கீதம் வாசிச்சார். 1980-ல பம்பாய் ஜாஸ் விழாவுல, அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஜான் ஹேண்டி அவரைக் கேட்டுட்டு, கூடவே மேடையேறி வாசிச்சிருக்கார். பித்தளையா இருந்தாலும் அதுலயும் ஊதறது நாணல்லதான்!"

"அதுக்கும் சீவாளி உண்டா?" என்றார் பெரியப்பா.

கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்குப் பெரியப்பாவே கெட்டிமேளத்தோடு நாதஸ்வரம் வாசித்தார். ரிசப்ஷனில் ஒரு சின்னப் பையன் சாக்ஸபோன். பெரியப்பா முதல் வரிசை. முடிந்ததும் அவனிடம் போய், "கமகத்தை அவசரப்படுத்தாதே தம்பி" என்று பாடியே காட்டினார்.

அதற்குப் பிறகு பெரியப்பாவுக்கு முகூர்த்தங்கள் குவிந்ததா என்று கேட்காதீர்கள். இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் அந்தப் பையன் பாடத்துக்கு வருகிறான். "இந்தக் குழாய் எப்பதான் ஓயும்?" என்று பெரியம்மா அலுத்துக்கொள்கிறாள், இரண்டு டம்ளர் காபியோடு!