சுவடியின் கடைசி ஏடு

2002-ஆம் ஆண்டில் என் ஆசிரியரிடமிருந்த ஓலைச்சுவடியொன்றைப் படியெடுத்துக் கணினியில் உள்ளிட்டேன். அந்நாளில் பல எழுத்துருக்களின் குறியேற்றம் ஒன்றுக்கொன்று வேறுபட்டது. நான் பயன்படுத்திய எழுத்துருவின் பெயரைக் குறித்து வைக்கவில்லை. பத்தாண்டு கழித்துக் கோப்பைத் திறந்தபோது பொருளற்ற குறிகளே தோன்றின. கிடைத்த மாற்றிகள் எவையும் பொருந்தவில்லை. அதற்குள் மூலச்சுவடியும் செல்லரித்து அழிந்திருந்தது.

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தொடக்கத்தில் ஒருங்குறியல்லாத குறியேற்றத்திலேயே நூல்களை வெளியிட்டது. எனினும் அக்குறியேற்றம் இன்னதென நூல்தோறும் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் அவை ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன.

ஆவணத்தை மின்னூலகத்தில் சேர்த்தல் பாதிப் பணியே. அதனைப் பற்றிய குறிப்பை உடன்வைத்தல் மறுபாதி. சுவடி எழுதியோர் பலர் இறுதியில் தம் பெயரையும் ஊரையும் எழுதி முடித்த நாளையும் பொறித்தனர். என் ஆசிரியரின் சுவடியிலும் அக்குறிப்பு இருந்தது. அதனைப் படித்தேன், பின்பற்றவில்லை.