கூலிப்படையும் காட்டுப்படையும்

படை ஆறு வகைப்படும் என்பது நம் முன்னோர் கணக்கு. மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என அவற்றைப் பெயரிட்டு உரைப்பர். திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர் இவ்வாறினையும் எடுத்தோதி, அவற்றுள் மூலப்படைக்கே சிறப்புத் தருகின்றார். தலைமுறை தலைமுறையாக ஓர் அரசைச் சார்ந்து நின்று, அழிவு வந்த இடத்தும் அகலாத படை அது. கூலிப்படையோ பொருள் கொடுத்து அமர்த்தப்படுவது.

இப்பகுதியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகின்றேன். முன்பெல்லாம் மாணவர்கள் இதனைத் தேர்வுக்குரிய பட்டியல் என்று குறித்துக்கொள்வதோடு சரி. இப்பொழுதோ ‘கூலிப்படை’ என்றதும் பின்வரிசையில் சிரிப்பொலி எழுகின்றது. நாளிதழ்கள் அச்சொல்லைப் பணம் பெற்றுக்கொண்டு அரிவாள் வீசும் கொலைஞர்க்கே உரியதாக்கிவிட்டன. உண்மையான கூலிப்படை அரிவாளோடு வருவதில்லை. அது சீருடை அணிந்து, உரிமம் பெற்று, ஒப்பந்தத் தாளோடு வருகின்றது. ‘தனியார் பாதுகாப்பு நிறுவனம்’ என்பது அதன் புதுப்பெயர்.

கூலிக்குப் படைக்கலம் ஏந்துதல் இழிவு என்று நான் எளிதில் சொல்லிவிட முடியாது. நான் பிறந்த குடியின் பெயரே அதற்கு இடந்தராது. இராவுத்தர் என்னும் பெயர் குதிரைவீரரைக் குறிப்பது. குதிரையோடும் வாளோடும் தமிழ் மன்னர்களிடம் சேவகம் புரிந்தோரின் வழி வந்தவர்கள் என்று எங்கள் இல்லத்துப் பெரியவர்கள் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கின்றேன். சோழர் காலத்து வேளைக்காரப் படையினரும் இலங்கையில் கூலி பெற்றே பணியாற்றினர். பொலன்னறுவையில் புத்தரின் பல் காத்த கோயிலைத் தாங்கள் காப்பதாக உறுதி கூறித் தமிழில் கல்வெட்டுப் பொறித்தவர்கள் அவர்கள். ஆயினும் மன்னன் விசயபாகு சோழர்மீது படையெடுக்குமாறு ஏவியபொழுது அவர்கள் மறுத்துக் கலகம் செய்தனர் என்று இலங்கை வரலாறு கூறுகின்றது. கூலி வாங்கிய கைக்கும் மறுக்குமிடம் ஒன்று இருந்தது என்பதற்காகவே இச்செய்தியை வகுப்பில் தவறாமல் சொல்வேன்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் வளர்ந்தவர்க்குத் தியாகதுருகம் மலைக்கோட்டை புதிதன்று. பேருந்திலிருந்தே தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டில் அக்கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூராரும் மாறி மாறி மோதினர். 1760ஆம் ஆண்டு புதுச்சேரியைக் காக்க வழியின்றித் தவித்த பிரெஞ்சுத் தளபதி லாலி, ஐதர் அலியின் படையுதவிக்கு விலையாகக் கொடுக்க இசைந்தவற்றுள் இக்கோட்டையும் ஒன்று. ஒரு கோட்டையே கூலியாயிற்று! அதனைச் சுற்றி நின்று மாண்ட சிப்பாய்களுட் பெரும்பாலோர் நம் நாட்டவரே. அவர்களுக்குச் சம்பளம் அளித்தவையோ வணிகக் கம்பெனிகள். உலகின் மிகப் பெரிய தனியார் படை எது என்று இன்று வினவுவோர், சென்னைக் கோட்டையிலிருந்து கணக்கெழுதிய கிழக்கிந்தியக் கம்பெனியை மறந்துவிடுகின்றனர். பங்குதாரர்களுக்கு இலாபம் பிரித்துக் கொடுத்த ஒரு வணிக நிறுவனம், இலட்சக்கணக்கான சிப்பாய்களை வைத்து ஒரு துணைக்கண்டத்தையே கொண்டது. அக்கம்பெனியின் சிப்பாய்த் தலைவனாக உயர்ந்து மதுரையை ஆண்ட மருதநாயகம் என்னும் கான்சாகிபு, தன் எசமானரோடு முரண்பட்டபோது, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டான். திறமை மிக்க கூலிவீரனை அவன் முதலாளி எவ்வளவு காலம் பொறுப்பான் என்பதற்கு அவன் வாழ்வே சான்று.

இன்றைய நிலைக்கு வருவோம். 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாத் நகரின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் காவலர்கள் சுட்டதில் 17 பொதுமக்கள் மாண்டனர். அந்நாளில் ஈராக்கின் சட்டம் அத்தகைய ஒப்பந்தக்காரர்களைத் தீண்ட முடியாதவாறு ஆணை இருந்தது. பின்னர் அமெரிக்க நீதிமன்றம் நால்வரைத் தண்டித்தது. 2020 டிசம்பரில் அந்நால்வரையும் அந்நாட்டு அதிபர் மன்னித்துவிட்டார். நம் கடலுக்கு அப்பாலும் இக்கதை உண்டு. கீனி மீனி என்னும் பிரித்தானிய நிறுவனம் 1984 முதல் இலங்கையின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி அளித்தது. அப்படையின் கைகளில் தமிழர் பட்ட பாட்டை எழுதப் புகின் இம்மலர் முழுதும் போதாது. அந்நிறுவனத்தார் போர்க்குற்றம் புரிந்தனரா என்னும் விசாரணையை இலண்டன் காவல்துறை 2020இல்தான் தொடங்கிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள்!

நம் கரையிலேயே நிகழ்ந்தது ஒன்று. 2013 அக்டோபரில் ‘சீமேன் கார்டு ஓகையோ’ என்னும் கப்பலைக் கடலோரக் காவற்படையினர் மறித்துத் தூத்துக்குடித் துறைமுகத்திற்குக் கொணர்ந்தனர். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கப்பல் அது. சோமாலியக் கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் ஆயுதக் காவலர்கள் தங்குமிடம். துறைமுகங்கள் துப்பாக்கியை உள்ளே விடாமையால், இத்தகைய மரக்கலங்கள் நடுக்கடலிலேயே ஆயுதக் கிடங்காக மிதந்துகொண்டிருப்பது வழக்கம். கப்பலில் இருந்தோர் 35 பேர். எசுத்தோனியர் 14, இந்தியர் 12, பிரித்தானியர் 6, உக்ரைனியர் 3. உரிய இசைவின்றி நம் கடல் எல்லைக்குள் படைக்கலங்களோடு நுழைந்தனர் என்பது வழக்கு. 2016 சனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் அனைவர்க்கும் ஐந்தாண்டுக் கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. தீர்ப்புகளின் நுட்பத்தை ஆராய்வது சட்டம் பயின்றோர் வேலை. என் கண்ணில் பட்டது வேறு. நாடுகளுக்கு இடையே கடலில் கோடு எங்கே என்று வழக்கறிஞர்கள் நான்காண்டு வாதிட்டபொழுது, அக்கோட்டின்மேல் உடலோடு நின்றவர்கள் சம்பளத்துக்கு வந்த காவலர்களும் மாலுமிகளுமே.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படிக்கலானது கல்வி ஆர்வத்தால் அன்று. சென்ற ஆண்டு என் பழைய மாணவன் ஒருவன் நன்னடத்தைச் சான்று வேண்டி வந்தான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூரினன். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் அவன் ஒருவனே. விடுமுறை முடிந்து திரும்பும்போது ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்து விடுதிக்கே விருந்து வைப்பவன். சாமையும் மரவள்ளியும் விளையும் சிறு நிலம் வீட்டில் உண்டு. 1976ஆம் ஆண்டு வரை அம்மலை சாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அவர்களுக்குக் கூலியின்றி உழைத்த கதையைத் தன் பாட்டனார் சொல்லக் கேட்டவன். நில வரியும் ஊழியமும் போய், இப்பொழுது ஈரோட்டுக்கும் குடகுக்கும் கேரளத்துக்கும் கூலிக்குப் போவதே மலையின் பிழைப்பு.

அவன் நீட்டிய தாளில் ‘பாதுகாப்பு உதவியாளர்’ என்று பணியின் பெயர் இருந்தது. ஊதியம் மாதம் ஓர் இலட்சத்திற்கு மேல். வளைகுடா நாடொன்றின் வழியாக வேறு நாட்டிற்குப் போகவேண்டும். எந்நாடு என்பது அங்கே போனபின் தெரியும். முகவர்க்கு இரண்டு இலட்சம் கட்டவேண்டும். தந்தையின் மருத்துவத்திற்கு வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்து நின்றது.

“தம்பி, எதைக் காக்கப் போகிறாய்?” என்றேன்.

“கிடங்கு என்கிறார்கள் ஐயா.”

“கிடங்கில் என்ன இருக்கும்?”

அவன் விடை சொல்லவில்லை. நான் அறிந்தவற்றைச் சொன்னேன். 2016 சூன் 20 அன்று காபூலில், கனடா நாட்டுத் தூதரகத்தைக் காக்கும் பணிக்குச் சென்ற காவலர்களின் சிற்றுந்தில் குண்டு வெடித்து, நேபாளத்தவர் பத்துப் பேருக்கு மேலும் இந்தியர் இருவரும் மாண்டதைச் சொன்னேன். உருசியப் படையில் ‘உதவியாளர்’ வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட நம் நாட்டு இளைஞர்கள் உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டதையும், 2024 மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறை முகவர்கள்மீது வழக்குப் பதிந்ததையும் சொன்னேன். கூலிப்படையினன் என்று கருதப்படுவோனுக்குப் போர்க்கைதிக்குரிய உரிமைகூட இல்லை என்று 1977ஆம் ஆண்டின் செனீவா உடன்படிக்கைச் சேர்க்கை கூறுவதையும் எடுத்துரைத்தேன். பேராசிரியத் தொழிலின் குறை இது. கேட்பவன் பசியோடு இருக்கிறான் என்பது சொல்லி முடித்த பிறகே உறைக்கும்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: “ஐயா, 2015இல் சேசாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரும் செம்மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள்தாம். அவர்களிலும் மலைக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் கையில் தாள் ஏதும் இல்லை. எனக்குத் தாளாவது இருக்கிறதே.”

காட்டுப்படை என்பதற்கு வேடரும் மலைவாணரும் கொண்ட படை என்று எத்தனையோ முறை பொருள் எழுதிப் போட்டிருக்கின்றேன். அப்படையிலிருந்து ஒருவன் என் எதிரில் அமர்ந்து, தன் உயிருக்கு எந்த விலை நியாயம் என்று என்னையே வினவுவதுபோல் இருந்தது.

சான்றிதழை எழுதிக் கொடுத்தேன். அது அவன் உரிமை. பின்பு தாளைச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இருவரும் அமர்ந்தோம். 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, இந்திய முகமை ஒன்று வெளிநாட்டில் காவற்பணி அளிப்பதற்கு உரிமம் வழங்கும் அதிகாரியின் இசைவு வேண்டும். அவ்வதிகாரி மத்திய அரசைக் கலந்த பிறகே இசைவு தரலாம். காவலர்க்கு 160 மணி நேரப் பயிற்சியும் விதிக்கப்பட்டுள்ளது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அவர் பெறத்தக்க கட்டணம் முப்பதாயிரமும் அதற்குரிய வரியும் மட்டுமே. தாளில் பதிவெண் இல்லை. அரசின் இணையப் பட்டியலிலும் அம்முகவரின் பெயரைக் காணோம். அவன் என் முன்னிலையிலேயே முகவரை அழைத்துப் பதிவெண் கேட்டான். “படித்த திமிரா?” என்பது விடை. அழைப்புத் துண்டிக்கப்பட்டது.

என் சின்னத்தாவும் வளைகுடாவில் காவலாளியாகப் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவர்தாம். கட்டுமானப் பொருள் கிடங்கு ஒன்றிற்கு இரவுக் காவல். கையில் ஒரு விளக்கும் தடியும். அவர் அனுப்பிய பணத்தில்தான் நான் ஆய்வியல் நிறைஞர் பட்டம் வரை பயின்றேன். ஆகவே காவற்பணி என்றாலே அஞ்சுபவன் அல்லன் நான். அவர்க்கு முதலாளி யார் என்று தெரியும். எதைக் காக்கிறார் என்று தெரியும். எந்த ஊரில் இருக்கிறார் என்று எங்களுக்கும் தெரியும்.

அம்மாணவன் போகவில்லை. சென்னையில் ஓர் அடுக்ககத்தின் வாயிலில் பன்னிரண்டு மணி நேர இரவுப்பணி செய்கின்றான். 160 மணி நேரப் பயிற்சி என்று நான் சொன்னதை நினைவூட்டிச் சிரித்தான். சேர்ந்த அன்று மாலையே சீருடை தந்து நிறுத்திவிட்டார்களாம், சீருடைக்கான தொகையை முதல் மாத ஊதியத்தில் பிடித்துக்கொண்டு. கடன் இன்னும் அடையவில்லை. வாயிற்கூண்டில் அமர்ந்து அரசுத் தேர்வுக்குப் படிக்கின்றான்.

அதே தாளை வாங்கியிருந்த மற்றோர் இளைஞன் போய்விட்டான். அடுத்த சிற்றூரினன், என் மாணவன் அல்லன், பத்தாம் வகுப்போடு நின்றவன். முதல் இரண்டு மாதம் பணம் வந்தது. அதன்பின் பணமும் இல்லை, குரலும் இல்லை. அவன் தாய் மலையிலிருந்து இறங்கி, என் மாணவன் வழிகாட்ட, கல்லூரிக்கே வந்தார். அயலகத் தமிழர் நலத்துறைக்கு மனு ஒன்றை நானே எழுதினேன். பிள்ளையின் பெயர், அகவை, கடவுச்சீட்டு எண் யாவும் அந்த அம்மையார் ஒரு துணிப்பையில் பத்திரமாக வைத்திருந்தார். பணியளித்த நிறுவனம், பணிசெய்யும் நாடு என்னும் இரண்டு வரிகளை மட்டும் எங்களால் நிரப்ப இயலவில்லை.