முதலில் கை, அப்புறம் தராசு

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் வழியில் ஒரு மலைக் கிராமத்தில் முயல் வளர்க்கும் அக்கா எனக்குக் கற்றுத் தந்த முதல் பாடம் அதுதான். தோள்பட்டைக்கு மேல் தளர்ந்திருக்கும் தோலை ஒரு கையால் பற்றினார். மறு கையைப் பின்புறத்துக்கு அடியில் கொடுத்தார். முழுப் பாரமும் கீழே இருந்த கையில் இறங்கியது. முயல் உதறவில்லை. தொங்கு தராசும் பிளாஸ்டிக் கூடையும் பக்கத்திலேயே இருந்தன. ஆனால் அவர் நிறுக்கப் போகவில்லை. மடியில் வைத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் முதுகெலும்பின் இரு பக்கமும் வைத்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை மெதுவாக ஓட்டினார்.

"நீங்க தொட்டுப் பாருங்க தம்பி. எலும்பு தட்டுப்படணும், ஆனா குத்தக் கூடாது."

தொட்டுப் பார்த்தேன். முள்ளெலும்பின் முனைகள் சதைக்கு அடியில் மழுங்கலாக உருண்டன. இடுப்புக்கு முன்னால் இரு பக்கமும் சதை நிரம்பியிருந்தது. அடுத்து அவர் அதே ஈற்றில் பிறந்த இன்னொரு குட்டியைக் கொடுத்தார். பார்வைக்கு இதுதான் பெரியது. வயிறு இரு பக்கமும் பிதுங்கி உருண்டையாக இருந்தது. தராசிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முதுகில் விரல் வைத்ததும் ரம்பப் பல்லைத் தடவுவது போல இருந்தது. அந்தக் குட்டியைத் தனிக் கூண்டில் விட்டிருந்தார்கள். கால்நடை மருத்துவரிடம் எச்சம் கொடுத்துப் பார்த்து மருந்து தொடங்கியாகிவிட்டது. குடலையும் ஈரலையும் தாக்கும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணி. இரத்தக் கழிச்சல் நோய் என்பார்கள். பால் மறந்த குட்டிகளை அதிகம் கொல்லும் நோய்களில் இது ஒன்று. கழிச்சல் வெளியே தெரிவதற்கு முன்பே முதுகு மெலிந்து வயிறு உப்பிவிடும். தராசை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் குட்டி 'நல்ல எடை' என்ற கணக்கில் போயிருக்கும்.

இறைச்சி முயலின் எடையைப் பற்றி நான் கேட்ட எல்லாப் பேச்சும் கடைசியில் இந்த இரண்டு குட்டிகளிடம்தான் வந்து நிற்கிறது. முயல் இலை தழையைப் புளிக்க வைத்துச் செரிக்கும் பிராணி. குடலும் அதில் நிறைந்திருப்பதும் சேர்ந்தால் உயிர் எடையில் ஐந்தில் ஒன்றோ ஆறில் ஒன்றோ வந்துவிடும். மாலையிலும் இரவிலும்தான் அது அதிகம் தின்னும். ஆகவே விடிகாலையில் நிறுத்த எடை ஒன்று, பிற்பகலில் நிறுத்த எடை வேறொன்று. அக்கா வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலைத் தீவனம் வைப்பதற்கு முன் நிறுக்கிறார். குட்டியின் காதுக்குள் மார்க்கர் பேனாவால் எண் போட்டிருக்கிறது. கூண்டில் தொங்கும் அட்டையில் பிறந்த தேதி, தாயின் எண், ஒரு ஈற்றில் எத்தனை குட்டி என்பவை இருக்கும். எடைகளெல்லாம் மகளின் பழைய பள்ளி நோட்டில். அந்த நோட்டைப் புரட்டியபோது எனக்கு உண்மையாகவே மரியாதை வந்தது. பெரிய முதலீட்டில் தொடங்கிய பண்ணைகளில்கூட இப்படி ஒரு நோட்டை நான் பார்த்ததில்லை.

மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. தலைமையகம் ராஜஸ்தானின் அவிகாநகரில். செம்மறியோடு இறைச்சி முயலும் இங்கே ஆராய்ச்சிக்குரியது. வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா ஆகிய இனங்கள் இந்த மலைக் கிராமங்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. அக்காவின் கொட்டகையிலும் இந்த இரண்டும்தான்.

பிறந்த குட்டி 50 கிராமோ 60 கிராமோ இருக்கும். மயிர் கிடையாது, கண் திறக்க 10 முதல் 12 நாள் ஆகும். தாய் பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஒரு தடவைதான் பால் கொடுக்கும். அதுவும் மூன்று நான்கு நிமிடம். பால் குடித்த குட்டியை அடையாளம் காணத் தராசே தேவையில்லை. வயிற்றின் மெல்லிய தோலுக்குள் பால் வெள்ளையாகத் தெரியும். குடிக்காத குட்டியின் தோல் சுருங்கிக் கிடக்கும். அக்கா தினமும் காலையில் குட்டிப் பெட்டியைத் திறந்து மயிர்ப் படுக்கையை விலக்கி ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். ஒரு தாய்க்கு ஒன்பது குட்டி, அதே நாளில் ஈன்ற இன்னொன்றுக்கு நான்கு என்றால், முதல் ஓரிரு நாளிலேயே இரண்டு மூன்றை இடம் மாற்றி விடுவார். தாய் பெரும்பாலும் மறுப்பதில்லை. இதைச் செய்யாவிட்டால் பெரிய ஈற்றுக் குட்டிகள் சிறுத்தே வளரும்; பிறகு அவற்றைப் பார்த்து 'இனம் சரியில்லை' என்று பேசுவோம்.

ஒரு வாரத்தில் பிறப்பு எடை இரண்டு மடங்கைத் தாண்ட வேண்டும். மூன்று வாரத்தில் ஏறக்குறைய 300 கிராம், நான்கு வாரத்தில் 500. ஆறு வாரத்தில் 800, 900. அதற்கு மேல் நல்ல தீவனமும் குளிர்ச்சியும் இருந்தால் நாளுக்கு 25 கிராம் கூடி, 12 வாரத்தில் இரண்டு கிலோவை எட்டும். இவை நம் ஊர்ச் சிறு பண்ணைகளுக்கான கணக்கு. ஐரோப்பாவின் கலப்பின முயல்கள் இதைவிட வேகமாக வளரும். அவற்றோடு ஒப்பிட்டு மனம் உடைய வேண்டியதில்லை. இங்கே அக்கா சொன்ன ஒன்று முக்கியம் என்று நினைக்கிறேன். இரண்டு கிலோ வந்ததா என்பதைவிட, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்றுதான் அவர் பார்க்கிறார். ஒரு குட்டி ஒரு வாரம் எடை கூடாமல் நின்றால், அன்றே கூண்டுக்கு அடியில் குனிகிறார்.

கூண்டுக்கு அடியில் இருப்பது எச்சம். நல்ல முயலின் எச்சம் உருண்டையாக, உலர்ந்து, ஒரே அளவில் இருக்கும். சிறுத்துக் குறைந்தால் தீனி எடுக்கவில்லை. மென்மையான கொத்து எச்சம் ஒன்றும் உண்டு. அதை முயல் ஆசனவாயிலிருந்து நேரடியாகவே தின்றுவிடும். அதில் அதற்கு வேண்டிய புரதமும் வைட்டமினும் இருக்கின்றன. அது தின்னப்படாமல் கீழே கிடந்தால் அடர்தீவனம் மிகுந்துவிட்டது, அல்லது முயல் கொழுத்துக் குனிய முடியாமல் இருக்கிறது என்று பொருள். பல், காது, மூக்கு எல்லாம் அக்கா கை போகிற போக்கில் பார்த்துவிடுகிறார். முன்பல் வளைந்து வளர்ந்த முயல் தீவனத் தட்டுக்கு முன்னால் பட்டினி கிடக்கும். முன்னங்கால் உள்பக்க மயிர் ஒட்டிக் கிடந்தால் சளி. முகத்தைத் துடைத்துத் துடைத்து வந்தது.

அதிக எடையும் நோய்தான். விற்கும் குட்டிகளைவிடத் தாய் முயல்களுக்கு இது பெரிய ஆபத்து. முதுகெலும்பே விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குக் கொழுத்த தாய் சினை பிடிக்காது. பிடித்தாலும் ஈற்றில் சிரமம். "புண்ணாக்கும் தவிடும் போட்டா பெருத்துரும், அதை வளர்ச்சின்னு சொல்ல முடியாது" என்றார் அக்கா. அவர் கொட்டகையில் புல்லும் வேலி மசாலும்தான் அடிப்படை. குச்சித் தீவனம் அளந்து. கேரட் தழையும் முட்டைக்கோஸ் இலையும் இந்த ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அவற்றை வாடவிட்டுக் கொஞ்சமாகவே போடுகிறார். நார்ச்சத்து குறைந்தால் குடல் நின்றுவிடும்.

மலையை விட்டு இறங்கி, வத்தலக்குண்டுப் பக்கம் ஓர் இளைஞரின் கொட்டகைக்கும் போனேன். அதே வெள்ளை ஜெயன்ட். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நண்பகலில் முயல்கள் கால்களை நீட்டிப் படுத்து மூச்சு வாங்கின. "அண்ணே, மூணு மாசமாச்சு, ஒண்ணரைக் கிலோவத் தாண்ட மாட்டேங்குது" என்றார். முயலுக்கு உடல் முழுக்க வியர்க்க வழியில்லை. காதுகளின் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினால் தீனி குறையும். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் வளரும் குட்டியின் கணக்கை இங்கே போட்டுப் பார்த்து அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். கூரை மேல் தென்னங்கீற்று, மாலை ஆறு மணிக்கு மேல் தீவனம், நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர், இவை முதலில் வேண்டும். இனத்தை மாற்றுவது பிறகு.

விற்பனையில்தான் எடை சண்டையாகிறது. வியாபாரி உயிர் எடைக்கு வாங்குகிறார். அறுத்த பின் இறைச்சி 50 முதல் 55 சதவீதம் தேறும். நிறுப்பதற்கு முன் வயிறு முட்டத் தீவனம் வைத்தால் தராசில் ஏறும்; மலைப்பாதையில் இறங்குவதற்குள் அது எச்சமாகப் போய்விடும். எடை குறைந்தது யார் பொறுப்பு என்று வாக்குவாதம் வரும். அக்கா முந்தைய இரவுத் தீவனத்தைக் குறைத்து, தண்ணீர் மட்டும் தடையில்லாமல் வைத்து, வியாபாரி கண்ணெதிரில் நிறுத்துக் கொடுக்கிறார். இறைச்சிக்கென்று வளர்க்கும் உயிர் அதுவரை வலியில்லாமல், பசியில்லாமல் இருக்க வேண்டும் என்பதும், வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பக்கம். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

முயல் வளர்ப்பில் இறங்க நினைப்பவர்களுக்கு: 'குட்டி நாங்கள் தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். நேரில் போங்கள். பிறந்த தேதியையும் ஈற்றுக் குட்டிகளின் எண்ணிக்கையையும் கேளுங்கள். முதுகில் விரல் ஓட்டுங்கள், வாலுக்கு அடியில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பிறகு நிறுங்கள். ஒன்றரைக் கிலோ முயல் பத்து வாரத்துக் குட்டியானால் நல்ல வளர்ச்சி; ஆறு மாதத்து முயலானால் அது எங்கோ நின்றுபோனது. பிறந்த தேதி சொல்ல முடியாத பண்ணையில் குட்டி வாங்காதீர்கள்.